47 வயசு, 9 மாதக் குட்டி, ஒரு பெட்டி கேசட்: மதுரையில் ஓட ஆரம்பிக்க வழி சொல்லுங்க

பழங்காநத்தம்47
3 மார்ச் 2024, காலை 7.40

வயசு 47, எடை 81 கிலோ. சுகர் இல்லை, பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை. டிசம்பருக்குள் நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். வீட்டில் 9 மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி இருக்கிறான், அவனையும் கூட்டிக்கொண்டு ஓடலாம் என்று எண்ணம். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதைப் போனுக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டே ஓடவும் ஆசை. தெப்பக்குளம் ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டராம், ஏழு சுற்று போனால் பத்து வந்துவிடும். நிமிடத்துக்கு 180 ஸ்டெப் வைக்க வேண்டும் என்றும் படித்தேன். இதில் எது தேறும், எது தேறாது?

தெப்பக்குளம் சுத்து
3 மார்ச், காலை 8.55

முதலில் கணக்கு. மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி, அதாவது 305 மீட்டருக்கு 290 மீட்டர். நாலு பக்கமும் கூட்டினால் 1190 மீட்டர். நாம் ஓடுவது சுவருக்கு வெளியே, அதனால் கொஞ்சம் கூடும். 1.25க்கு மேல் வராது. ஏழு சுற்று என்றால் எட்டே முக்கால்தான். பத்துக்கு எட்டு சுற்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் ஓடுகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு, ஆனால் தலைகீழாக. 400 மீட்டர் என்பது உள் லேனுக்கு மட்டும். எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டர். வெளி லேனில் 25 சுற்று எண்ணி ஓடினால் 11 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவீர்கள்; 22 சுற்றுப் போதும், 34 மீட்டர்தான் குறையும்.

ஆரம்பம் இப்படி: வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து நிமிட நடை, பிறகு 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, இது எட்டு முறை, கடைசியில் மறுபடி ஐந்து நிமிட நடை. இரண்டு வாரம் கழித்து 2+2. ஐந்தாவது வாரம் 3+1. எட்டாவது வாரத்தில் 5+1, ஐந்து முறை. "சும்மா இருக்கே" என்று மூன்றாம் நாளே தோன்றும். தோன்றட்டும், கூட்டாதீர்கள். மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும். கெண்டைக்காலின் தசைநாருக்கு மூன்று மாதம் ஆகும். நாற்பதுக்கு மேல் ஆரம்பிக்கிறவர்கள் விழுவது இந்த இடைவெளியில்தான்.

கோம்பைக்காரன்
3 மார்ச், இரவு 9.10

அண்ணே, குட்டியை விடுங்க. 9 மாதத்தில் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. தாரில் ஒரே சீராக நாலு கிலோமீட்டர் ஓடவிட்டால் முன்னங்கால் மணிக்கட்டு வளைய ஆரம்பிக்கும், அப்புறம் நிமிராது. 15 மாதம் தாண்டட்டும். அதுவரை மண் தரையில் அவனாக ஓடி அவனாக நிற்கட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் நம்ம கயிற்றில் இருக்கிறது. அவன் நிற்க நினைக்கும்போது நாம் இழுக்கிறோமே, அதுதான்.

இன்னொன்று. சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் முயல் விரட்டின இனம். நூறு இருநூறு மீட்டரில் பறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதற்கு நம்ம தெரு நாட்டுநாய் இதைவிட மேல். ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலை போட்டார்கள். சிப்பிப்பாறைக்குப் போடவில்லை என்று அதுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பழங்காநத்தம்47
4 மார்ச், காலை 6.05

15 மாதம் என்றால் செப்டம்பர். அதுவரை நான் தனியாக ஓட வேண்டும், அவன் வாசலில் நின்று ஊளையிட வேண்டும். சரி.

180?

தெப்பக்குளம் சுத்து
4 மார்ச், காலை 6.50

180 எங்கிருந்து வந்தது என்றால், 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் ஸ்டெப்பை ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லாருமே 180-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். அது பந்தய வேகம், பந்தயக் கால். 81 கிலோ எடையோடு எட்டரை நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகிறவர் 180 வைத்தால் நின்ற இடத்தில் குதிக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் எண்ணை நீங்களே எண்ணுங்கள். 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று பார்த்து நாலால் பெருக்குங்கள். 38 வந்தால் 152. அதில் 5 சதவீதம் மட்டும் கூட்டி 160-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்டெப் சிறியதானால் கால் உடம்புக்கு முன்னால் நீண்டு விழாது, முட்டியில் ஏறும் பாரம் குறையும். அதற்கு மேல் உயர்த்த வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

அனுப்பானடி அக்கா
4 மார்ச், இரவு 10.20

பிரஷர் மாத்திரை என்ன மாத்திரை என்று யாருமே கேட்கவில்லை. அட்டையில் அட்டெனலால், மெட்டோபுரலால் மாதிரி "லால்" என்று முடிகிற பெயர் இருந்தால் அது இதயத் துடிப்பைப் பிடித்து வைக்கும் மாத்திரை. 220-இல் வயதைக் கழி, அதில் 70 சதவீதம் என்ற கணக்கெல்லாம் உங்களுக்குச் செல்லாது. கைக்கடிகாரம் 115 காட்டும், நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பீர்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை என்றால் வெயிலில் தலைசுற்றும். எதுவானாலும் ஆரம்பிக்கும் முன் மருந்து கொடுத்த டாக்டரிடம் "ஓடப்போகிறேன்" என்று சொல்லி ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டு, இதில் ஒன்று வந்தாலும் "இந்தச் சுற்றை முடிச்சுட்டு" என்ற பேச்சே கூடாது.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். பாக்கெட்டில் நாலு ஸ்பூன் சர்க்கரை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெப்பக்குளம் சுத்து
5 மார்ச், காலை 5.30

அக்கா சொன்னது சரி. நான் அதைக் கேட்காமல் அட்டவணை போட்டது தப்பு. துடிப்புக் கணக்கே வேண்டாம். ஓடும்போது ஒரு பல்லவியை மூச்சு உடையாமல் முணுமுணுக்க முடிகிறதா, அதுதான் வேகம். அனுபல்லவிக்குப் போகும் முன் திணறினால் நடையாக்குங்கள்.

ஹெட் கிளீனர்
5 மார்ச், பகல் 1.15

கேசட்டுக்கு வருவோம். பெட்டியைத் திறந்த உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பூஞ்சை. அதைத் தனியாக வையுங்கள். ஓடவிட்டால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அடுத்தது, டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன கம்பளித் துண்டு. செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். நம்ம ஊர் வெயிலில் முதலில் கழன்று விழுவது இதுதான். இல்லாமல் ஓட்டினால் சத்தம் கம்பளிக்குள் பாடுகிற மாதிரி வரும், "டேப் போச்சு" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். செத்த கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றினால் முடிந்தது. ஐந்து திருகாணி உள்ளது திறக்கும். திருகாணி இல்லாமல் ஒட்டினது என்றால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளந்து, சுருள் இரண்டையும் வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

பிறகு ஒருமுறை முழுதும் முன்னால் ஓட்டி, முழுதும் பின்னால் ஓட்டி, அப்புறம்தான் பிளே. பல வருஷம் சும்மா கிடந்த சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், சுற்று தளர்ந்தும் சில இடத்தில் இறுகியும் இருக்கும். நேராகப் பிளே போட்டால் இழுபட்டு நீளும், இல்லை ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பி இரண்டையும் 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் ரோலரில் தின்னர் படவே கூடாது, இளகிவிடும். சென்ட் பாட்டிலை எடுத்துத் துடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், ஹெட்டில் எண்ணெய்ப் படலம்தான் மிஞ்சும்.

ஹெட் கிளீனர்
5 மார்ச், பகல் 1.50

வேகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓட்டக்காரருக்கு முக்கியமே அதுதான்.

கேசட் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. நகர வேண்டும். பெல்ட் தளர்ந்த பிளேயரில் அது குறையும். 3 சதவீதம் குறைந்தால் 160-க்கு ஓடின பாட்டு 155-க்கு வந்துவிடும், காலும் அதோடு சோம்பிவிடும். கண்டுபிடிக்க வழி: அதே பாட்டு இணையத்தில் இருந்தால் இரண்டின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 5 நிமிடப் பாட்டு 5 நிமிடம் 9 விநாடி ஓடினால் 3 சதவீதம் மெதுவு. சுருதி காது இருந்தால் இன்னும் சுலபம், ஒரு ஸ்வரஸ்தானம் கீழே இறங்கியிருந்தால் ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. பிளேயர் மோட்டாரின் பின்பக்கம் சிறு துளை இருக்கும், உள்ளே ஒரு திருகு. மெல்லிய ஸ்குரூடிரைவரால் மயிரிழை திருப்பினால் வேகம் மாறும். பெல்ட் கறுப்புத் தாராக உருகியிருந்தால் திருகு எதற்கும் உதவாது, பெல்ட்டை மாற்றுங்கள்.

பழங்காநத்தம்47
10 மார்ச், காலை 7.20

பெல்ட் உருகித்தான் இருந்தது. விரலில் ஒட்டினது போக மாட்டேன் என்கிறது.

ஹெட் கிளீனர்
10 மார்ச், காலை 8.00

தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு. சட்டையில் பட்டிருந்தால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

பதிவுக்கு: பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து போனின் மைக் துளைக்குக் கம்பி போடாதீர்கள், அது மைக்குக்கான மெல்லிய சிக்னலை எதிர்பார்க்கும், ஒரே பக்கச் சத்தம்தான் எடுக்கும், உடைந்து கரகரக்கும். யுஎஸ்பியில் செருகும் ஆடியோ கேப்சர் ஒன்று வாங்கிக் கணினியில் ஏற்றுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் வரும், ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட்டுக்கு 600 எம்பியைத் தாண்டும். முதலில் அப்படியே வைத்துவிட்டு, ஓட்டத்துக்கு எடுத்துப்போக எம்பி3 நகல் தனியாக எடுங்கள். இரைச்சல் நீக்குகிறேன் என்று முதல் கோப்பிலேயே கை வைக்க வேண்டாம்.

நாகமலை
10 மார்ச், இரவு 8.30

எந்தப் பாட்டுக்கு ஓடுவது என்பதில் ஒரு கருத்து. 160 ஸ்டெப்புக்கு நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள பாட்டு வேண்டும், ஒரு தட்டுக்கு ரெண்டு ஸ்டெப். கச்சேரிப் பதிவு என்றால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தட்டு, சரியாக 6 விநாடி. மதுரை மணி ஐயரின் (1912–1968) சர்வலகு ஸ்வரங்கள், தாளத்தோடு ஒரே சீராக ஓடுபவை, இதற்கென்றே பாடினது போல இருக்கும், காலை இடறவே இடறாது. தனி ஆவர்த்தனம் மட்டும் வேண்டாம். மிருதங்கத்தின் எடுப்பு தள்ளி விழும்போது கால் குழம்பி விழுந்து வாருவோம்.

டப்பாங்குத்து கேட்டுத்தான் ஓடுவேன் என்கிறவர்கள் முதல் கிலோமீட்டருக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். எல்லாரும் அங்கேதான் கெடுகிறார்கள்.

தெப்பக்குளம் சுத்து
11 மார்ச், காலை 5.40

பாட்டு இல்லாமலும் தாளம் உண்டு. மூச்சை ஐந்தாகப் பிரியுங்கள். "தகிட" என்ற மூன்று ஸ்டெப்புக்கு இழுப்பது, "தக" என்ற இரண்டுக்கு விடுவது. ஐந்து ஒற்றைப்படை என்பதால் மூச்சு விட ஆரம்பிக்கும் கால் ஒவ்வொரு முறையும் மாறும், ஒரே பக்கம் தரையை அறையாது. விலாவில் குத்து வருகிறவர்களுக்கு இது பலருக்குக் கேட்கிறது. வேகம் கூடினால் வெறும் "தகிட": ரெண்டுக்கு இழு, ஒன்றுக்கு விடு.

காதை அடைக்கும் இயர்போன் சாலையில் கூடாது. கன்னத்து எலும்பில் வைக்கும் வகை இருக்கிறது, காது திறந்தே இருக்கும். மினி பஸ் ஹாரனைக் கேட்காத ஓட்டக்காரன் நீண்ட நாள் ஓட மாட்டான்.

அனுப்பானடி அக்கா
31 மார்ச், காலை 9.15

வெயில் வந்துவிட்டது, தண்ணீர் விஷயம்.

ஓடப்போகும் முன் ஒருமுறை, வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை எடை பாருங்கள். நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அரை மணிக்குள் ஓட்டம் என்றால் பச்சைத் தண்ணீர் போதும். ஒரு மணியைத் தாண்டினால் உப்பும் போகிறது.

வீட்டில் கலக்க: ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும், கூம்பாக அள்ளக் கூடாது. உப்பு கூடினால் வாந்தி வரும், சர்க்கரை கூடினால் வயிறு போகும். பொட்டலமாக வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவு லிட்டருக்கு 20.5 கிராம், அதில் சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5. பழ ருசி போட்டு அட்டை டப்பாவில் விற்பதெல்லாம் அது இல்லை, பின்பக்க எழுத்தைப் படியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் எதற்கும் குறைந்ததில்லை.

தாகத்துக்கு மேல் திணித்துக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும்.

பழங்காநத்தம்47
31 மார்ச், காலை 9.40

ஓடி முடித்து ஜிகர்தண்டா?

அனுப்பானடி அக்கா
31 மார்ச், காலை 9.42

ஓடினதே அதுக்குத்தான் என்றால் எதுக்கு ஓடணும்.

கோம்பைக்காரன்
7 ஏப்ரல், மாலை 6.45

நாய் வைத்திருக்கிற எல்லாருக்கும். இந்த மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கும் தார் ரோடு ஆறியிருக்காது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்க. எடுக்கத் தோணினா நாய்க்கும் அந்தத் தரை ஆகாது. தெப்பக்குளம் கருங்கல்லும் அப்படித்தான்.

நாய்க்கு வியர்வை பேருக்குப் பாதத்தில் மட்டும். சூட்டை வெளியேற்றுவது நாக்கும் மூச்சும்தான். அதன் சாதாரண உடல் சூடு 38-இலிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்பு கெட ஆரம்பிக்கும். அறிகுறி: நாக்கு அகலமாகித் தொங்கும், ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் நூலாக வழியும், நடை தள்ளாடும். நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடையிடுக்கு, பாதத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீங்க, சூடு உள்ளேயே நிற்கும். அப்படியே வண்டியில் போட்டு டாக்டரிடம். கொஞ்சம் தேறிட்டான் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

சாப்பாடும் ஓட்டமும் ஒட்டக் கூடாது. நெஞ்சு ஆழமான இனம் இது. தின்றுவிட்டுத் துள்ளினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். ஓடி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சோறு, சோறு போட்டால் ரெண்டு மணி நேரம் ஓட்டம் இல்லை.

நாகமலை
18 ஏப்ரல், இரவு 9.00

22, 23 தேதிகளில் ஓட்டத்தை மறந்துவிடுங்கள். 22 எதிர்சேவை, 23 விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம், ஆற்றுக்கரை வரை கால் வைக்க இடம் இருக்காது, அப்புறம் வண்டியூர்ப் பக்கம். அந்தக் கூட்டத்தில் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தாலே அந்த வார நீள ஓட்டம் கணக்கில் சேர்ந்தது. நாய்களை வீட்டுக்குள் வையுங்கள். வேட்டுச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

பழங்காநத்தம்47
8 மே, காலை 6.30

3+1 வந்துவிட்டது. ஆனால் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து எட்டு, வலது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி. நடக்க நடக்கக் குறைகிறது. மாடக்குளம் கண்மாய்க் கரைக்கு மாறலாமா? மண் மெத்தென்று இருக்கிறதே.

தெப்பக்குளம் சுத்து
8 மே, காலை 7.10

கரை மெத்தென்றுதான் இருக்கும். சீமைக்கருவேல முள்ளும் மெத்தென்ற சோலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும், வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழித்துக் குத்தும். அங்கே போனால் ஓடி முடித்ததும் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்து இடுக்கியால் பிடுங்குங்கள். அதைவிட, கரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்த பக்கம் விழும். போகும்போது ஒரு ஓரம், வரும்போதும் அதே ஓரம் என்று ஓடினால்தான் இரண்டு காலுக்கும் சமமாகும்.

குதிகாலுக்கு அக்கா வருவார்கள்.

அனுப்பானடி அக்கா
8 மே, இரவு 10.40

காலை முதல் எட்டில் வலி, நடந்தால் குறைவு என்றால் பெரும்பாலும் உள்ளங்கால் நாணின் வலி. உருட்டுக் கட்டையில் காலை உருட்டுவது அப்போதைக்குச் சுகம், அவ்வளவுதான். வேலை செய்வது பாரம்.

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள், கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு. ஒற்றைக்காலில் மூன்று விநாடி ஏறி, மேலே இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். பன்னிரண்டாவது முறைக்கு மேல் முடியாது என்று வர வேண்டும், சுலபமாக வந்தால் முதுகுப் பையில் அரிசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மாதம். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று விடுகிறவர்கள்தான் ஒரு வருஷம் நொண்டுகிறார்கள். வீட்டுக்குள் வெறுங்காலில் கிரானைட் தரையில் நடக்க வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஐபுபுரூஃபென் வகை, வெயில், வியர்வை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு.

கோம்பைக்காரன்
9 மே, காலை 6.00

அக்கா சொன்ன அந்த மாத்திரையை நாய்க்குக் கண்டிப்பாகக் கொடுக்காதீங்க. "காலை நொண்டுறான்" என்று மனுச மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்து வயிற்றுப் புண்ணாகிச் செத்த நாய்கள் உண்டு. பாராசிட்டமாலும் ஆகாது.

தெப்பக்குளம் சுத்து
9 மே, காலை 6.20

ஷூவையும் பாருங்கள். வாங்குவது சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கினால் கடைசித் துளையில் கயிற்றை அதே பக்கத்துக்குள் திருப்பி வளையமாக்கி, எதிர்ப் பக்கக் கயிற்றை அதன் வழியே இழுத்துக் கட்டுங்கள். 500-இலிருந்து 800 கிலோமீட்டருக்குள் நடு நுரை செத்துவிடும், மேலே புதுசாகத்தான் தெரியும். பைக் பெட்டியில், கார் டிக்கியில் வெயிலில் போட்டு வைத்தால் பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளக்கும். கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

நாகமலை
19 மே, பகல் 12.10

ஊர் சுற்றுகிறவர்களுக்கு. கொடைக்கானலுக்கு 7-ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வேண்டும், வீட்டிலிருந்தே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரி 1863-இல் வெட்டினது, சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர், இரண்டு சுற்று உங்கள் பத்து. ஆனால் ஊர் 2100 மீட்டர் உயரம். நம்ம ஊரோடு பார்த்தால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிருக்கு உடம்பு லேசாகத் தெரியும், அதை நம்பி வேகம் எடுத்தால் இரண்டாவது கிலோமீட்டரில் நாக்குத் தள்ளும். முதல் நாள் நடை, இரண்டாம் நாள் ஓட்டம். ஏழு மணிக்குள் முடியுங்கள், அப்புறம் வாடகை சைக்கிளும் குதிரையும். குதிரைச் சாணத்தில் வழுக்குவது அங்கே மட்டும் கிடைக்கும் அனுபவம்.

தனுஷ்கோடி: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், ஒரு மரம் கிடையாது. தண்ணீரை முதுகில் சுமந்து போக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. திரும்பி வர வண்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 19.

பக்கத்திலேயே வேண்டுமானால் கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக்குளம், அய்யனார் கோயில் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டின படி. ஏறுவது ஓட்டம், இறங்குவது நடை. பெரிய தொடைத் தசை அலறுவது இறங்கும்போதுதான், அடுத்த நாள் மாடிப்படி இறங்கினால் தெரியும். மழை பெய்த பாறையில் கால் வைக்காதீர்கள்.

நாகமலை
19 மே, மாலை 4.00

ஒரு திருத்தம். அழகர்கோவில் மேலே பழமுதிர்சோலை சாலையையும் சேர்க்கலாம் என்று எழுதி வைத்திருந்து வேண்டுமென்றே விட்டேன். ஏற்றம் நல்ல பயிற்சிதான். ஆனால் குரங்கு, பக்தர் வேன், வளைவு மூன்றும் ஒன்றாக வரும். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் குரங்குக்குத்தான் அது. நாயோடு அங்கே போகவே கூடாது.

அனுப்பானடி அக்கா
14 ஜூலை, காலை 8.20

தெருநாய் துரத்தினால் என்ன செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில். ஓடினால் துரத்தும். நில்லுங்கள், கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டாகத் திரும்பி மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள்.

பல் பட்டுவிட்டால், கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி ஒன்றும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28-ஆம் நாள். தசையில் போடும் முறை 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். "தெரிஞ்ச நாய்தான்" என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்தாதீர்கள்.

தெப்பக்குளம் சுத்து
11 ஆகஸ்ட், காலை 7.00

மார்ச்சில் சொல்லாமல் விட்டது. வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டு என்ற விதி எங்கும் ஓடுகிறது. வாரம் 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது ஒரு கிலோமீட்டர், 50 ஓடுகிறவருக்கு ஐந்து. ஒன்றுக்கும் உதவாத கணக்கு. ஞாயிறு ஓட்டத்தில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். குதிகால் முந்தின நாளைவிடக் கூடுதலாக வலித்தால் அந்த வாரக் கூட்டல் ரத்து.

பழங்காநத்தம்47
15 செப்டம்பர், காலை 7.50

7 கிலோமீட்டர். பல்லவி, அனுபல்லவி இரண்டும் பாடிக்கொண்டே. குதிகால் காலையில் இரண்டு எட்டோடு சரியாகிறது. பயலுக்கு 15 மாதம் முடிந்தது. எப்படித் தொடங்குவது?

கோம்பைக்காரன்
15 செப்டம்பர், காலை 9.30

முதலில் டாக்டரிடம் காட்டி நெஞ்சும் மூட்டும் பாருங்க. உண்ணி இருக்கான்னு காது மடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தடவுங்க. உண்ணிக் காய்ச்சல் வந்தவன் ஓட மாட்டான்: சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்புவான், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து ஆரம்பித்தால் நாலு வாரம் முழுசாகக் கொடுக்கணும், நாலாம் நாள் வாலை ஆட்டினான் என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சுப் பட்டை. இந்த இனத்துக்குக் கழுத்து தலையைவிட அகலம், ஒரே உதறலில் பட்டை கழன்றுவிடும். உங்க அட்டவணையே அவனுக்கும்: 1 ஓட்டம் 2 நடை, பத்து நிமிடம், வாரம் ரெண்டு நாள், மண்ணில். ஒவ்வொரு வாரமும் ரெண்டு நிமிடம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீங்க. ஒரு பூனை குறுக்கே போனால் தோள்மூட்டு உங்களுடையது இல்லை. ஓடி வந்ததும் பாதத்தில் முள் பாருங்க, உங்க ஷூவைப் பார்ப்பதற்கு முன்னாடி.

ஹெட் கிளீனர்
15 செப்டம்பர், இரவு 8.15

கேசட் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லையே.

பழங்காநத்தம்47
15 செப்டம்பர், இரவு 9.00

42-இல் 31 ஏறிவிட்டது. 6 பூஞ்சை. மீதி ஐந்தில் ஒரு பக்கம் மந்தமாக, மறுபக்கம் பளிச்சென்று.

ஹெட் கிளீனர்
15 செப்டம்பர், இரவு 9.25

அது டேப் கோளாறு இல்லை. பதிந்த கடையின் ஹெட் சாய்வும் உங்கள் பிளேயரின் ஹெட் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் ஒரு ஓரத்தில் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே கால் சுற்று இப்படி அப்படித் திருப்புங்கள், ஜால்ரா சத்தம் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். முன்பு நின்ற இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு தொடுங்கள், மற்ற கேசட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பூஞ்சை ஆறையும் தூக்கிப் போடாதீர்கள், சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்து வையுங்கள். பழைய உருப்படாத பிளேயர் ஒன்று கிடைத்தால் அதில் மட்டும் ஓட்டி, மென்மையான உலர்ந்த துணியால் டேப்பைத் தொட்டபடி சுற்ற வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

தெப்பக்குளம் சுத்து
10 நவம்பர், காலை 6.15

மழை பிடித்துவிட்டது. தெப்பக்குளத்துக் கல்லில் பாசி படிந்தால் ஐஸ் மாதிரி, மூலையில் திரும்பும்போது எட்டைச் சுருக்குங்கள். நனைந்த ஷூவின் உள்பாதத்தை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேன் அடியில் வையுங்கள், ஒரு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

பழங்காநத்தம்47, ஞாயிறு எத்தனை?

பழங்காநத்தம்47
10 நவம்பர், காலை 8.40

ஏழு சுற்று. எட்டே முக்கால்.